மூன்றரை கிலோ கோதுமை

நண்பர் ஒருவரின் முதுகுப்பையில் அவருக்குத் தெரியாமல் மூன்றரை கிலோ பாரத்தைக் கூட்டி வைத்தேன். அவர் எங்களோடு வரக்கூடாது என்பதற்காகவே செய்தேன். வேடிக்கைக்குச் செய்தது என்று சில வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை இல்லை.

எழுபதுகளின் கடைசி. டெல்லியில் ஒரே அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர். நான் தஞ்சாவூர்ப் பக்கம், இன்னொருவர் திருநெல்வேலி. மூன்றாமவர் தர்மபுரிக்காரர், பருத்த உடம்பு, நிதானமான நடை. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே நடந்து போவது என்பது அவருடைய யோசனை. சிறுவயதில் ராமேஸ்வரத்தில் ஒருமுறை பார்த்ததைத் தவிர அவர் கடலையே பார்த்ததில்லை.

வழியில் பாதி இடம் ஆளில்லாத மணல்தேரி, உடைமுள், தாழம்புதர். குடிதண்ணீர்தான் கவலை. அவர் கரையோரத்து ஊர்களின் தபால் அதிகாரிகளுக்கு இன்லண்ட் கடிதம் எழுதி, நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். ஏழெட்டு பேர் பதில் போட்டார்கள். அவற்றை வைத்து ஒரு நோட்டில் கரையை வரைந்து, கிணறுகளுக்கு நீலமையில் வட்டம் போட்டார். மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த நோட்டுதான் எங்களுக்கு ஊறுகாய்.

மூட்டை கட்டும் பொறுப்பு என்னுடையது. கித்தான் துணியில் மூன்று பைகள் தைக்கச் சொன்னேன். அவல், பொரிமாவு, புளிக்காய்ச்சல், குளுக்கோஸ் பிஸ்கட், ராணுவத்தார் வைத்திருப்பது போன்ற தண்ணீர்க் குடுவைகள், கயிறு, போர்வை. ஆளுக்குப் பதினோரு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பழைய பேப்பர் வாங்க வருகிறவனை ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி, அவன் தராசுக் கொக்கியில் ஒவ்வொரு பையையும் மாட்டச் சொன்னோம். எதற்கு நிறுக்கிறோம் என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிரப்பிய பைகளோடு டெல்லியின் ரிட்ஜ் காட்டுக்குள் பன்னிரண்டு மைல் ஒத்திகை. முடிக்க முடியாதவர் தானாக விலகிக்கொள்ள வேண்டும் என்பது மூவரும் ஒப்புக்கொண்ட விதி. விடுப்பில் ரயிலுக்குப் போனது போக நடக்க மிஞ்சியது நான்கே நாள். தர்மபுரிக்காரரின் நடைக்கு ஆறு நாள் ஆகும் என்று நான் கணக்குப் போட்டேன். அதை முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. பைகள் என் வீட்டில் இருந்தன. சனிக்கிழமை மாலை அவர் பையிலிருந்த அவல் பையை எடுத்துவிட்டு, அதே போன்ற துணிப்பையில் ரேஷன் கோதுமையை நிரப்பி அதே இடத்தில் வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது; எடை மட்டும் மூன்றரை கிலோ கூடியது. அவர் அதற்கு முன் பை சுமந்து நடந்ததில்லை. பதினோரு கிலோ என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எடுத்துக்கொண்டார்.

நாலாவது மைலிலேயே அவர் பின்தங்கினார். திருநெல்வேலிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என்ன வே, ரிட்ஜுக்கே நாக்கு தள்ளுது? மணப்பாட்டுக் கடக்கரையில உம்மைக் கட்டில் போட்டுல்லா தூக்கணும்."

"தூக்கறதுக்கு ரெண்டு பேரு பத்தாதுங்க. செக்‌ஷன்ல இன்னும் நாலு பேருக்கு லீவு சொல்லி வையுங்க" என்றார் அவர், மூச்சுக்கு நடுவில்.

எட்டாவது மைலில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க சார். எனக்கு ஒடம்பு அவ்வளவுதானுங்க." நான் வாங்கிக்கொண்டேன்.

போனோம். நான்கு நாளில் முடித்தோம். அவர் வட்டம் போட்ட இடத்தில் எல்லாம் கிணறு இருந்தது. ஒவ்வொன்றிலும் குடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஏதோ விசேஷத்துக்கு அழைக்க சரோஜினி நகரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பால் பூத்துக்குப் போக அவர் மனைவி தூக்குப் பாத்திரத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். "இப்பெல்லாம் பாலுக்கும் நானேதானுங்ண்ணா. ரிட்ஜுக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து, தனக்கு இதயம் வீக்குன்னு இவரே முடிவு பண்ணிக்கிட்டாரு. டாக்டரு ஒண்ணுமில்லேன்னுட்டாரு. நம்ப மாட்டேங்கறாரு."

அந்த அம்மாள் பாலோடு திரும்பி வந்து காபி வைக்கும்வரை காத்திருந்து, இருவர் முன்னாலும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

நண்பர் தரையைப் பார்த்தபடியே கேட்டார். "எவ்வளவு சேத்தீங்க?"

"மூன்றரை கிலோ."

"அப்ப பதினாலரை. எட்டு மைல்" என்றார் மெதுவாக. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வைத்த காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த விடுப்பில் நானே அவரோடு வருகிறேன், ஆறு நாளோ எட்டு நாளோ, பையும் நானே சுமக்கிறேன் என்றேன்.

"போவேனுங்க. உங்ககூட வேண்டாம்."

மறு டிசம்பரில் தன் மைத்துனரோடு போனார். ஏழு நாள் ஆனது என்று கேள்விப்பட்டேன். திரும்பி வந்த திங்கட்கிழமை, திருநெல்வேலிக்காரரின் மேஜையருகே நின்று அலை, மணல், நண்டு, காலில் குத்திய முள் என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுத்த மேஜையில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் கேட்டேன். நான் செய்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாக்பூருக்கு மாற்றலாகும்வரை தினமும் எனக்கு வணக்கம் சொன்னார். அந்தக் கடலைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.