கடைமடைக்காரனின் ஓட்டு

கொட்டாரத்துப் பகவதியப்பனுக்கு இருபத்தாறு வயதில் ஓட்டு வந்தது. கூடவே தலைக்கனமும் வந்தது. மாமன் கையிலிருந்து மருமகனுக்கு இறங்கும் மருமக்கள் வழிச் சொத்தைப் பங்கு வைக்கலாம் என்ற திருவிதாங்கூர்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தாய்மாமன் சிதம்பரதாணுப் பிள்ளையோடு கோர்ட்டுப் படியேறி அவன் வாங்கியது கடைமடையில் ஒரு துண்டு வயல். அதற்கு வரி கட்டினான். வரி கட்டுகிறவனுக்குத்தான் அந்தக் காலத்தில் சட்டசபை ஓட்டு.

மாமாவின் வயல் மேலே இருந்தது. வாய்க்காலில் அவர் ஒரு பலகையைச் செருகினால் தண்ணீர் அவரோடு நின்றுவிடும். பங்கு பிரிந்த நாளிலிருந்து பலகை செருகியபடியே இருந்தது.

அப்படியிருக்கத் தேர்தல் வந்தது. ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் நாகர்கோவில் வக்கீல். பகவதியப்பனின் பங்கு வழக்கை நடத்தி, பங்கில் பாதியை ஃபீஸாகவே விழுங்கிய அதே வக்கீல். பொறுப்பாட்சி, பிரஜைகள் உரிமை என்று அவர் ஒரு மணி நேரம் முழங்கினார். "கடைமடைக்குத் தண்ணி வருமா?" என்று இவன் கேட்டதற்கு, "கடைமடைங்கது எந்தப் பகுதிவேய்?" என்று திருப்பிக் கேட்டார் அந்த மேதை.

வருஷக்கணக்காக முகம் பார்க்காத மாமா வீடு தேடி வந்தார்.

"மருமவனே, ரத்தம் ரத்தந்தாம்லே. ஓட்டு எனக்குத்தானே?"

பகவதியப்பன் அப்போது உண்மையாகவே குழம்பிப் போயிருந்தான். தண்ணீர்த் திருடனுக்குப் போடுவதா, ஃபீஸ் திருடனுக்குப் போடுவதா? "யோசிச்சுச் சொல்லுகேன் மாமா" என்றான். அன்று சாயங்காலமே பலகை எடுபட்டது. கும்பப்பூ நெல் கதிர் வாங்கும் நேரம். தண்ணீர் சலசலவென்று வயலுக்குள் நுழைந்ததைப் பார்த்து அவன் கண் கலங்கிவிட்டது.

அதோடு குழப்பம் தீர்ந்தது. ஆனால் தீர்ந்ததை அவன் வெளியில் காட்டவில்லை. அறுப்பு வரை யோசித்துக்கொண்டே இருந்தால் அறுப்பு வரை தண்ணீர். இப்படி ஒரு மூளை தனக்கிருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவனுக்கே ஆச்சரியம்.

"மாமாவுக்கே போடுகேன்னு ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்கோ. நெல்லு வீடு சேரட்டும்" என்றாள் மனைவி நாகம்மை.

"ஒனக்கு அரசியல் தெரியாதுட்டி."

நாகம்மைக்குத் தெரியாத அரசியலைச் சாயாக்கடையில் போய் எல்லோருக்கும் அவிழ்த்துவிட்டான். கேட்டவர்களும் கடைமடைக்காரர்கள்தானே! மறுநாளே அத்தனை பேரும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவனுக்கு இரவிலும் தண்ணீர் விட்டால்தான் யோசனை ஓடுமாம். இன்னொருவன் வக்கீலிடம் போய், வரப்பு வழக்கை இலவசமாக நடத்தினால் யோசிக்கிறேன் என்றான். சிரங்கு பரவுவது போல ஊரெங்கும் யோசனை பரவியது. மாமாவின் வயலில் வெடிப்பு விழுந்தது. வக்கீலுக்கோ ஓசி வழக்குகளில் தொண்டை கட்டியது.

ஓட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. மாமா வெற்றிலைத் தட்டோடு மறுபடி வந்தார். மகளை வக்கீலின் தம்பிக்குப் பேசி முடித்தாயிற்று, கல்யாணத்துக்கு வர வேண்டும் என்றார். தான் தேர்தலில் விலகிக்கொண்டதையும் சொன்னார். வேறு போட்டியில்லை. ஆகவே ஓட்டுப் பதிவும் இல்லை.

"அப்ப என் ஓட்டு?" என்றான் பகவதியப்பன்.

"உங்க யோசனைக்குத் தண்ணி விட்டே எங்க ரெண்டு பேருக்கும் முதுகு ஒடிஞ்சு போச்சு மக்கா. நீங்க தீர்மானிக்க மாட்டேங்கேளேன்னு நாங்களே தீர்மானிச்சுட்டோம்."

போகிற வழியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, அவரே தன் கையால் பலகையைச் செருகினார். கதிர் பால் பிடித்து நின்ற பயிர் அப்படியே காய்ந்தது.

பகவதியப்பன் கல்யாணத்துக்குப் போய் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தான். அதற்கு அவனுக்கு யோசனை தேவைப்படவில்லை. காய்ந்ததில் மிஞ்சியதை அறுத்து முடித்த மத்தியானம் களத்திலிருந்து வந்தவன், "சோறு போடுட்டி" என்றான். நாகம்மை முற்றத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து பறந்த பதர் அவன் தலையிலும் மீசையிலும் வந்து ஒட்டியது.

அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "யோசிச்சுச் சொல்லுகேன்."