அனுசியா போட்ட முறை

தென்காசியில் ஜவுளிக்கடைகளின் பில் ஓடும் எட்டு சர்வர்களும் அனுசியாவின் பொறுப்பு. பராமரிப்புக்காக ஒன்றை நிறுத்தும்போது மற்றவை சுமையைத் தாங்கும்படி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம் குறித்து வைத்திருந்தாள். குற்றாலத்தில் கூட்டம் பெருகினால் போலீஸ்காரர்கள் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அருவிக்குள் விடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய வித்தையில்லை.

மேலாளர் குற்றாலீஸ்வரன் அதைக் கலைத்து, எட்டுக்கும் ஒரே நாள் மத்தியானத்தைக் குறித்தார். "ஒரே மத்தியானத்துல முடியுத வேலைய இவ ஏன் இழுத்தடிக்கா?" என்று எல்லோர் முன்பும் சிரித்தார்.

"எல்லாம் ஒண்ணா நின்னுரும் சார்."

"ஆமா, இவளுக்குத்தான் எல்லாம் தெரியும்!"

அந்தச் சிரிப்பை அனுசியா மறக்கவில்லை. மறுபடி எச்சரிக்கவில்லை. அவர் குறித்த நாளுக்கு லீவு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த நாளில் குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்று குளித்துவிட்டு வந்தவளுக்கு மேலாளரிடமிருந்து போன் வந்தது. இரண்டு முறை அடிக்கவிட்டு எடுத்தாள்.

"ஏம்மா, ஒரு கடையிலயும் பில் போட முடியல! முதலாளி இங்கனயே நிக்காரு. எந்த சர்வர முதல்ல எழுப்பணும்?"

"ஸ்பீக்கர்ல போடுங்க சார்."

போட்டார்.

"நான் போட்ட முறைய யாரு மாத்துனதுன்னு முதலாளிட்ட சொல்லுங்க. அப்புறம் நான் சொல்லுதேன்."

"நாந்தான்" என்று மேலாளரின் முனகல் கேட்டது.

தெளிவாகவே கேட்டது. அனுசியா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டாள்.

"அருவி இரையுது சார், ஒண்ணுமே கேக்கல. இன்னொரு தடவ, சத்தமா."