அடுப்பில் எரிந்த காணிக்கை

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில், நாயுடுபுரத்துக்கு மேலே இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். முதியோர் வார்டு என் பொறுப்பு. பதினொரு கட்டில், இரண்டு ஜன்னல், ஒரு துணி அலமாரி, ஒரு வெந்நீர் அடுப்பு. எங்கள் மேட்ரன் வெளிநாட்டில் ஆறு மாதம் படித்துவிட்டுத் திரும்பியபோது இரண்டு கம்பளிக் கோட்டும் ஒரு புதிய யோசனையும் கொண்டுவந்தார். வயதானவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது, வாழ்ந்ததற்கு ஓர் அர்த்தம் இருந்தது என்ற நிறைவும் வேண்டும், அதையும் நர்ஸ்தான் கவனிக்க வேண்டும் என்றார். அதற்காக ஒவ்வொரு கட்டிலிலும் காய்ச்சல் அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டை தொங்கியது. தினமும் பத்து நிமிடம் நோயாளியின் அருகில் உட்கார்ந்து, மனதுக்கு எது பலம் என்று கேட்டு அதில் எழுத வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மனித வாழ்வின் அர்த்தத்தைப் பத்து நிமிடத்தில் விசாரித்துவிடலாம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கையெழுத்தும் அழகாக இருக்கும். ஆஸ்பத்திரியிலேயே என் அட்டைகள்தான் நிரம்பி வழிந்தன.

ஒரு நாள் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பூண்டு விவசாயி ஒருவரை உருளைக்கிழங்கு லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். எழுபது வயது இருக்கும். நெஞ்சுச் சளி, நினைவில்லாத காய்ச்சல். லாரிக்காரர்கள் அவரை இறக்கிவிட்ட கையோடு போய்விட்டார்கள். தோளுக்குக் கீழே சடை பிடித்துத் தொங்கும் முடி, நெஞ்சு வரை தாடி. புதிதாக வருகிறவர்களின் தலையைச் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். ஒட்ட வெட்டி, தாடியை மழித்து, எல்லாவற்றையும் வாரி வெந்நீர் அடுப்பில் போட்டேன். அட்டையில், 'நோயாளி மிகவும் தெளிவாகக் காணப்படுகிறார்' என்று எழுதினேன். நினைவே இல்லாத மனிதரைப் பற்றி எழுதிய வாக்கியம் அது.

நான் திண்டுக்கல்காரி. பழனிக்கு நடந்து போகும் கூட்டம் வருஷா வருஷம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வேண்டுதலுக்கு முடி வளர்த்தவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான். ஆனால் வார்டுக்குள் நுழைந்ததும் அதையெல்லாம் மறக்கச் செய்கிற படிப்பு என் படிப்பு.

மூன்றாம் நாள் அவருக்கு நினைவு வந்தது. கை மெல்ல எழுந்து தலையைத் தடவியது.

"எங்க தாயி?" என்றார்.

"என்ன ஐயா?"

"முடி."

அடுப்பைக் காட்டினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் குளிருகிறதாக்கும் என்று நினைத்து ஒரு கம்பளிக் குல்லாயைக் கொண்டுபோய் நீட்டினேன். அட பாவி மகளே என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. மருந்தையும் துப்பினார். பழனிக்கு நேர்ந்த முடி என்பதை மட்டும் பக்கத்துக் கட்டில்காரர் கேட்டுச் சொன்னார். மேட்ரனிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கடைவீதியிலிருந்து ஒரு முருகன் காலண்டரைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே மாட்டினேன். மிஷன் ஆஸ்பத்திரிச் சுவரில் முருகன் ஏறியது எவ்வளவு பெரிய சாதனை என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதத் திருப்பி மாட்டு தாயி. எந்த மொகத்தோட அவரப் பாக்குறது?"

மேட்ரன் பாதிரியாரை அனுப்பினார். நல்ல மனிதர். ஆண்டவர் முடியை விரும்புவதில்லை, மனதைத்தான் விரும்புகிறார் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெரியவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒங்க சாமிக்கு வேணாமுங்க. எங்க சாமி கிட்ட நான் தாறேன்னு சொல்லிட்டேனே."

பாதிரியார் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் பெரியவருடைய மனைவி வந்தார். லாரியில் பாதி வழி, நடையில் பாதி வழி. தலையில் மூட்டையோடு வார்டுக்குள் விறுவிறுவென்று நடந்து வந்தவரைப் பார்த்ததும், அத்தனை நாள் அசையாமல் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நடக்காத. உக்காரு, அப்படியே உக்காரு."

அந்த அம்மாள் உட்காரவில்லை. என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போய்ச் சொன்னார். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் அந்த அம்மாளுக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டன. எழுந்து நடந்தால் முடி தருகிறேன் என்று கணவர் வேண்டிக்கொண்டார். வருஷம் திரும்புவதற்குள் அந்த அம்மாள் நடந்துவிட்டார்.

"நானும் போவோம் போவோம்னு கெடந்து அடிச்சுக்கிட்டேன். பூண்டு பறிச்சுட்டுப் போவோம், கெழங்கு வெட்டிட்டுப் போவோம்னு நாலு வருசத்த ஓட்டிட்டாக. இப்ப நீ வெட்டிப்புட்ட. சாமி என் காலத் திருப்பி எடுத்துக்கிருமாம். அந்தப் பயம் அந்த மனுசனுக்கு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாழ்வின் அர்த்தம் என்று நான் அழகான கையெழுத்தில் தேடிக்கொண்டிருந்தது அந்த அம்மாளின் இரண்டு கால்கள். அதைத்தான் வாரி அடுப்பில் போட்டிருக்கிறேன்.

அந்த அம்மாள் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். "முடி போனா மொளைக்காதாக்கும்? நீ செத்துப்போனா மொளைக்காது. கஞ்சியக் குடி" என்றார். மரியாதையாகக் கூப்பிடும் முறையெல்லாம் கோபத்தில் பறந்துவிட்டது. பெரியவர் கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

அதன் பிறகு முடிக்காகவே சாப்பிட்டார். முட்டை தின்றால் வெரசா வளருமா என்று கேட்டார். வளரும் என்று பொய் சொன்னேன், முட்டை கொடுத்தேன். முடி ஒரு விரல் அகலம் வந்தபோது நெஞ்சு சுத்தமாகி வீட்டுக்குப் போனார். மேட்ரன் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். புதிய முறை ஒரு முதியவரை எப்படி மீட்டது என்று நீளமான அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அதில் கத்திரிக்கோல் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் அந்த அம்மாள் தனியாக வந்தார். முக்காட்டை விலக்கினார். மொட்டைத் தலை, சந்தனம் காய்ந்திருந்தது.

"ஐயா போயிட்டாரா?" என்றேன்.

"போயிட்டாக தாயி. முடி நல்லா வளந்துருச்சு, கெளம்புங்கன்னேன். பூண்டு பறிச்சுட்டுப் போவோம்னாக."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த அம்மாளுக்கும்தான்.

"மறுபடி சளி கட்டிருச்சு. இனி தன்னால ஆகாதுன்னு தெரிஞ்சதும், ஒனக்காகத்தான நேந்தேன், நீயே போயிக் குடுத்துட்டு வெரசா வான்னாக. மலைப்பாதையில எறங்கி நடந்தே போனேன். படி அம்புட்டும் ஏறுனேன். திரும்பி வர்ற வரைக்கும் உசுர வச்சிருந்தாக. என் தலையத் தடவிப் பாத்தாக, காலத் தொட்டுப் பாத்தாக. அம்புட்டுத்தான்."

உட்காருங்கள் என்றேன். வேண்டாம், சோலி கிடக்கிறது என்றார்.

"இதச் சொல்லத்தானா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"அவுக சொல்லிவிட்டாக. அந்த நர்சுப் புள்ள தெனமும் துணி அலமாரிக்குப் பின்னாடி நின்னு அழுதுச்சு, நான் படுத்த மேனிக்குப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்திக்கடன் தீந்துபோச்சு, இனி அழ வேணாம்னு போயிச் சொல்லிட்டு வான்னாக."