களுத்துறைப் பாலத்தை மூன்று முறை கடந்தவள்

வேன் வண்டியில் பாதி ஸ்ரீயானியின் அண்ணன் பிரேமரத்னவுடையது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் அவர் நிபந்தனை போட்டார்.

ஜினதாசவின் பார்வையைச் சீனி வியாதி கொண்டுபோய்விட்டிருந்தது. வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். இனி வேனைத் தன் மனைவி ஸ்ரீயானி ஓட்டுவாள் என்று அவர் சொன்னபோது திக்குவல்லைக் கடைத்தெருவே சிரித்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் அவள் ஓட்டப் பழகியதைச் சும்மா ஒரு விளையாட்டு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டுறது ஓட்டமா மச்சான்?" என்றார் பிரேமரத்ன. "சனிக்கிழமை குடும்பத்தோட காலி வீதியால கொழும்பு வரைக்கும் கொண்டுபோகட்டும், நானும் வாறேன். போய்ச் சேர்ந்தா வேன் அவளோடது. இல்லாட்டி திங்கக்கிழமை என்ட ஆள் வந்து சாவியை வாங்குவான்."

கிளம்பும்போது ஸ்ரீயானி கணவரிடம் ஒன்றுதான் கேட்டாள். "ஓடும்போது பக்கத்துல இருந்து ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. சொன்னீங்களோ, அந்த இடத்துலயே இறங்கிடுவேன்."

ஜினதாச தலையாட்டினார். வாழ்நாளெல்லாம் அந்தப் பாதையில் ஓடிய மனிதர், இடப்பக்க இருக்கையில் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே விட்டால் அவை தாமாகவே கியரைத் தேடும்.

பின்னால் மகள் நில்மினி றபான் மேளத்தைத் தட்டிப் பாட, அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். வெலிகமவுக்கு அப்பால் கடலோரம் நிறுத்தி, வாழையிலைப் பொதியைப் பிரித்துச் சோறும் கொறுக்காப்புளி போட்டு வற்றவைத்த சூரை மீனும் சாப்பிட்டார்கள். மீன் முள்ளைத் துப்பிவிட்டு பிரேமரத்ன கேட்டார்: "மச்சான், கொழும்புக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?"

ஓட்டுகிறவள் பக்கத்தில்தான் இருந்தாள். அவளிடம் கேட்கவில்லை. ஸ்ரீயானி இலையை மடித்தாள்.

காலி, ஹிக்கடுவை, அம்பலாங்கொடை எல்லாம் நல்லபடியாகத்தான் போயின. ஒவ்வொரு வளைவிலும் அவள் எங்கே வேகம் குறைக்கிறாள் என்று அவர் காதாலேயே பார்த்துக்கொண்டு வந்தார். தான் குறைக்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே குறைத்தாள். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி பின்னால் இருப்பதுபோல ஓட்டினாள்.

களுத்துறையில்தான் அது நடந்தது. கொழும்பு பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு இடப்பக்கமாக நெருங்கியது. ஓரம் கட்ட வழியில்லை. தேங்காயெண்ணெய் விளக்கின் வாசம் ஜன்னல் வழியே வந்து போனது. பாலத்துக்கு முந்திய போதி மரம்! ஜினதாசவின் நாக்கு நுனிவரை வந்தது சொல். கொடுத்த வாக்கு அதைப் பிடித்து நிறுத்தியது. அதற்குள் டயர்களின் ஓசை மாறி வேன் பாலத்தின் மேல் ஏறிவிட்டது.

"ஐயோ, காசு போடல்ல!" என்று பின்னாலிருந்து கத்தினார் பிரேமரத்ன. றபான் நின்றது.

பயணத்துக்குக் காவல் என்று எல்லோரும் நம்பும் அந்தப் போதி மரத்தடி உண்டியலில் காசு போடாமல் அந்த வேன் ஒருநாளும் ஆற்றைத் தாண்டியதில்லை. மற்ற வேன்களில் யாராவது ஒருவர் இறங்கிப் போடுவார். ஜினதாசவின் வேனில் ஓட்டுகிறவர்தான் போட வேண்டும்.

"போதியைத் தாண்டி வந்துட்டு இனி எப்பிடிக் கொழும்பு போறது?" பிரேமரத்னவின் குரலில் பாதி பயம், பாதி வெற்றி. "இந்த நெரிசல்ல உன்னால திருப்பவும் ஏலாது தங்கச்சி. ஓரமா நிறுத்து. நான் ஒரு டிரைவரைப் பிடிச்சிட்டு வாறேன்."

ஸ்ரீயானி சிக்னலைப் போட்டாள். மீன்கடையை ஒட்டிய சந்துக்குள் மூக்கை நுழைத்தாள். சந்து வேனுக்கு அளவெடுத்தாற்போல ஒடுக்கம். பின்பக்கமாகத்தான் காலி வீதிக்குள் இறங்க வேண்டும். ஆட்டோக்கள் சீறின. மீன்காரர் கத்தியோடு ஓடிவந்தார்.

"ஒடிங்க அக்கா, வலப்பக்கம் ஒடிங்க! இன்னும், இன்னும்!"

"கை காட்ட வேணாம் தம்பி. கண்ணாடியில தெரியுது. நீங்க உங்கட மீனைப் பாருங்க, காகம் நிக்குது."

மீன்காரர் திரும்பி ஓடினார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜினதாச கிளட்சின் ஓசையை மட்டும் கேட்டார். ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால். அவசரமேயில்லை. ஒரு லொறியே நின்று வழிவிட்டது. வேன் மறுபடி பாலத்தில் ஏறியபோது, தன் கைகள் தொடைக்கடியிலிருந்து எப்போதோ வெளியே வந்து மடியில் சும்மா கிடப்பதை அவர் உணர்ந்தார்.

போதியடியில் இறங்கினார்கள். பழக்கம் விடுமா? ஜினதாச சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உண்டியல் வரை போனார். அங்கே நின்றார். திரும்பி, ஸ்ரீயானியின் கையைத் தேடி உள்ளங்கையில் காசை வைத்தார்.

"நீங்க போடுங்க. எப்பவும் நீங்கதானே போடுவீங்க."

"நானா ஓட்டி வந்தேன்?"

அவள் காசைப் போட்டுக் கும்பிட்டாள்.

வேனில் ஏறுமுன் பிரேமரத்ன தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, கொழும்புக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?"

அவர் தன்னிடம் கேட்கவில்லை என்பதில் ஜினதாசவுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏறி இருங்க அண்ணே," என்றாள் ஸ்ரீயானி. "நீங்க இறங்கி நிக்கிற வரைக்கும் ஒருநாளும் போய்ச் சேர மாட்டோம்."