பழைய கயிறு

பாலக்கோட்டுச் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவர்கள் முதலில் மாரப்பனைத் தேடுவார்கள், பிறகுதான் மாட்டைத் தேடுவார்கள். முப்பது வருஷமாகத் தரகு செய்கிறவர். பல்லைப் பிடித்து வயதைச் சொல்வார், சுழியைப் பார்த்துக் குணத்தைச் சொல்வார், நாலு எட்டு நடக்கவிட்டால் அது ஏருக்கா வண்டிக்கா என்று சொல்லிவிடுவார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசினால் விற்கிறவனும் சிரித்துக்கொண்டு போவான், வாங்குகிறவனும் சிரித்துக்கொண்டு போவான்.

மனுஷரிடம் ஒரே ஒரு கோளாறு. எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. மழை வருமா என்றால் வானத்தைப் பார்த்து ஒன்று சொல்வார். மாப்பிள்ளை நல்லவனா என்றால் அவன் நடையைப் பார்த்து ஒன்று சொல்வார். தரகனுக்கு வாக்குத்தான் முதல், அது ஒரு தடவை தடுமாறினால் அடுத்த சந்தையில் எவன் கையை நீட்டுவான் என்கிற பயம் அவருக்குள் எப்போதும் உண்டு. பார்ப்பவர்கள் அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில் தீர்த்தகிரி மணியக்காரருக்குக் கார் ஆசை வந்தது. இரண்டு ஊருக்கு மணியம், நிறையப் பூமி, பெரிய குடும்பம். தருமபுரியில் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்புகிறார், ஏழு பேர் உட்காரும் கறுப்புக் காரை விற்கப்போகிறார் என்று சேதி வந்ததும் மணியக்காரர் ஆளனுப்பி மாரப்பனை வரவழைத்தார்.

“மாரப்பா, நீ பாத்து நல்லாருக்குன்னு சொன்னாத்தான் வாங்குவேன். உன் கண்ணு தப்பாது.”

மாரப்பன் அதுவரை காரைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. பஸ்ஸில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ‘இது நமக்குத் தெரியாதுங்க’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

“அதுக்கென்னங்க, பாத்துட்டாப் போச்சு” என்றார்.

துரை பங்களா வாசலில் அது பளபளவென்று நின்றது. மாரப்பன் மூன்று சுற்று வந்தார். முன் விளக்கிரண்டையும் உற்றுப் பார்த்தார். முதுகைத் தடவுவது போல மேல்தகட்டைத் தடவினார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார், அங்கே குழாயும் கம்பியுமாக ஏதேதோ ஓடியது. மணியக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை முதுகில் வழிந்தது.

“லட்சணமான உருப்படிங்க. குத்தஞ் சொல்ல ஒண்ணுமில்ல” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அத்தோடு விட்டாரா? தெரிந்த ஒரு காரியமாவது செய்து காட்ட வேண்டும் போலிருந்தது. மாட்டை விற்கிறவன் தன் கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்வான். கயிறோடு கொடுத்தால் அவன் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுவந்துதான் பிடித்துப் போவான். இந்தப் பக்கத்தில் இதை மீறி ஒரு மாடு கைமாறியதில்லை. மாரப்பன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தபோது, ஓட்டுகிறவன் பக்கத்தில் ஒரு இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இருக்கையின் இரும்புக் கால்வரை எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு கயிறு கட்டிக் கிடந்தது.

“பழைய கயிறு கூட வரப்படாதுங்க” என்று முடிச்சை அவிழ்த்து, பங்களா காவல்காரன் கையில் கொடுத்தார். துரை ஒன்றும் புரியாமல் சிரித்தார். மணியக்காரர் தலையாட்டிக்கொண்டார். எத்தனை கவனம் பாருங்கள் என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல். புதுத் தாம்புக் கயிற்றில் மஞ்சள் தடவி முன் கம்பியில் கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, காரை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். துரையின் பழைய டிரைவர் காய்ச்சலில் ஊருக்குப் போயிருந்தான். மணியக்காரர் சேலத்திலிருந்து மாதேஸ்வரன் என்று ஒரு புது டிரைவரை அமர்த்தியிருந்தார்.

மூன்றாம் நாள் மணியக்காரர் சம்சாரம் கோவிந்தம்மாள் கண் வைத்தியத்துக்குச் சேலம் கிளம்பினார். துணைக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டுமென்றதும் மாரப்பன்தான் முந்திக்கொண்டு, “எம் பொண்ணு சின்னம்மா வருவாளுங்க” என்றார். பெற்ற நாலில் தங்கியது அவள் ஒருத்தி. தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். காரில் ஏறும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கும் இரண்டு நாளாக இருந்த பயம் கொஞ்சம் விட்டது.

அன்றைக்கே ஒரு ஜோடி மாடு பார்க்க அவர் தருமபுரி போனார். உச்சிப்பொழுது. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது மெலிந்த ஆள் ஒருவன் எதிரே வந்து நின்றான்.

“மணியக்காரருக்குக் காரு பாத்துக் குடுத்தது நீங்கதானுங்களா? நான் அர்ச்சுனன், தொரையோட பழைய டிரைவரு. காச்சல்ல கெடந்துட்டேன். ஒரு விசயம் சொல்லணும்னுதான் உங்களத் தேடுனேன். அந்தக் கை பிரேக்குல ஒரு கயிறு இருக்குது பாருங்க, அத எவனும் கழட்டிப் போடாமப் பாத்துக்கச் சொல்லுங்க.”

மாரப்பன் தம்ளரைக் கீழே வைத்தார். “ஏன்?”

“அந்தத் தண்டுல பல்லு தேஞ்சு போச்சுங்க. இழுத்தா நிக்கிற மாதிரி நிக்கும். ரெண்டு நிமிசத்துல நழுவிக்கும். சமதரையில ஓட்டும்போது தெரியாது, நிறுத்துனா கியர்ல போட்டுட்டு எறங்கிடலாம். மேடு ஏறும்போது தண்ணி கொதிக்கும் பாருங்க, அப்பதான் வெனை. எஞ்சின நிறுத்தாமத்தான் தண்ணி ஊத்தணும், கியர்ல போட முடியாது. கை பிரேக்க நம்பித்தான் எறங்கணும். அதான் எறங்கறப்பல்லாம் கயித்துல இழுத்துக் கட்டிடுவேன். தொப்பூர்க் கணவாயில ஒருக்கா பின்னால உருண்டு, பள்ளத்துக்கும் எனக்கும் ஒரு சாண் இருந்துச்சுங்க.”

மாரப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். காலையில் போன கார் கணவாயில் இறங்கியிருக்கும். இறக்கத்தில் காலால் மிதிக்கிற பிரேக் இருக்கிறது, பாதகமில்லை. சாயங்காலம் திரும்பும்போது அதே கணவாயில் ஏறும். ஏறினால் கொதிக்கும். கொதித்தால் மாதேஸ்வரன் இறங்குவான். உள்ளே இரண்டு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

தந்தி கொடுக்கலாமா? ஓடுகிற காருக்கு ஏது விலாசம். மணியக்காரரிடம் ஓடிச் சொல்லலாமா? பாலக்கோடு போய்த் திரும்புவதற்குள் கார் கணவாய்க்கு வந்துவிடும். இதற்கெல்லாம் நடுவில் இன்னொரு நினைப்பும் வந்தது, அதைத்தான் அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவிழ்த்தது பிரேக்குக் கயிறு என்று யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இருந்துவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. சின்னம்மா அதில் இல்லாவிட்டால் அப்படியே இருந்திருப்போமோ என்று எண்ணியபோது தன்னைப் பார்த்தே அவருக்குப் பயமாகிவிட்டது.

கடைவீதியில் ஒரு புதுக் கயிறு வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினார். அன்று கண்ணை மூடவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தபடி வந்தார். கறுப்பு நிறம் தெரிந்தாலே எழுந்து நிற்பார். பக்கத்திலிருந்தவர் என்னவென்று ஒரு தடவை கேட்டார், இரண்டு தடவை கேட்டார், பிறகு எட்டி உட்கார்ந்துகொண்டார்.

கணவாயின் மேல் வளைவில், முனியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று இருக்கிறது. ஏறிவருகிற வண்டிகள் தண்ணீர் ஊற்ற நிற்கிற இடம் என்று கண்டக்டர் சொன்னார். அங்கேயே இறங்கிக்கொண்டார். பஸ் போனதும் காடு மட்டும் மிச்சமிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எட்டிப் பார்த்தார். மரங்களின் உச்சிதான் தெரிந்தது. உடனே பின்வாங்கினார்.

தலைப்பருமனில் இரண்டு கல்லைத் தூக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘முனியப்பா, ஒரு கெடாய் வெட்டறேன்’ என்றார். பிறகு இரண்டு என்றார். அவருக்கே வெட்கமாக இருந்தது, சாமியிடமும் தரகு பேசுகிறோமே என்று. நாக்கு வறண்டு மேலே ஒட்டிக்கொண்டது. ஊற்று அருகிலேயே இருந்தும் எழுந்து போய்க் குடிக்கப் பயம். அந்த நேரம் பார்த்துக் கார் வந்துவிட்டால்? ஒரு லாரி ஏறிப் போயிற்று. ஒரு மொட்டை வண்டி போயிற்று. வெயில் சாய்ந்தது.

சத்தம் கேட்டது. கீழ் வளைவில் கறுப்புக் கார் முக்கி முனகி ஏறி வந்தது. முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. இங்கே வா, இங்கே வா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஊற்றுக்கு வந்து சேர அதற்குத் தெம்பில்லை. நூறு கஜம் கீழேயே, பாதி வளைவில் நின்றுவிட்டது. மாதேஸ்வரன் எஞ்சினை ஓடவிட்டுத் தகர டின்னோடு இறங்கி, ஊற்றைப் பார்த்து மேலே நடக்க ஆரம்பித்தான்.

“திரும்பிப் போ! காருக்குப் போ!”

தொண்டையில் காற்றுத்தான் வந்தது. கைக்கு ஒன்றாக இரண்டு கல்லையும் மார்போடு அணைத்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினார். மாதேஸ்வரன் யாரோ பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டான். அவனைத் தாண்டியபோது கார் அசைந்தது. முதலில் ஒரு சாண் பின்னால் போயிற்று. உள்ளே சின்னம்மாள் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போவது அவளுக்குத் தெரியவில்லை.

பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை வீசினார், அது உருண்டு பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது. இரண்டாவது கல்லை வீச மனம் வரவில்லை. முட்டி போட்டு, ரோட்டில் கையை வைத்து, சக்கரத்துக்கு அடியில் கல்லைத் திணித்தார். சக்கரம் கல்லின்மேல் ஏறப் பார்த்தது, பிறகு நின்றது. அப்போதுதான் வலது கை கல்லுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பதைக் கண்டார்.

மாதேஸ்வரன் ஓடிவந்து காரை நெம்பினான். பெண்கள் இறங்கினார்கள். சின்னம்மாள் தன் முந்தானையைக் கிழித்துக் கையைச் சுற்றினாள்.

“நீ எப்புடிப்பா இங்க வந்தே?”

அவர் பேசுமுன் கோவிந்தம்மாள் முனியப்பன் கல் இருந்த திசையைக் கும்பிட்டார். “அவந்தான்டி அனுப்பியிருக்கான். இல்லேன்னா பாலக்கோட்டுல இருக்கற மனுசனுக்கு எப்புடித் தெரியும்?”

மாரப்பன் இல்லை என்று சொல்லவில்லை. இடது கையால் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மகளிடம் கொடுத்து, “அந்தத் தண்ட இழுத்து சீட்டுக் காலோட கட்டும்மா” என்றார். அவள் உள்ளே குனிந்தாள். இருக்கைக் காலில் பழைய கயிறு தேய்த்த தடம் கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்தாள், புதுக் கயிற்றைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இறுக்கிக் கட்டினாள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். முனியப்பன் கனவில் வந்து சொன்னதாக ஊரெல்லாம் கதை பரவியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் காலைத் தொட்டார்கள். ஒவ்வொருவர் தொடும்போதும் அவருக்கு உடம்பு கூசியது. அர்ச்சுனன் எந்த நேரம் பாலக்கோட்டுக்கு வந்து நிற்பானோ என்று பகலெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி போய்ச் சித்திரையில்தான் சந்தைக்குப் போனார். மணியக்காரர் ஒரு மயிலைக் காளையின் பக்கத்தில் நின்றிருந்தார். “வா மாரப்பா” என்று கையை நீட்டினார். மாரப்பன் துண்டை விரித்துப் போட்டார். உள்ளே மணியக்காரரின் கை வழக்கம் போல விரல்களைத் தேடியது. இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இல்லை. அந்தக் கை அங்கேயே தங்கிவிட்டது.

மாரப்பனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “முனியப்பனெல்லாம் இல்லீங்க. அன்னைக்கு நான் அவுத்துக் குடுத்தது பிரேக்குக் கயிறுங்க. காரப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது” என்றார் மெதுவாக.

“தெரியும். அர்ச்சுனன் எங்கிட்டதான் இப்ப வேல பாக்கறான். வந்த அன்னைக்கே சொல்லிட்டான்.”

“பின்ன ஏனுங்க கேக்கல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.” மணியக்காரர் காளையின் பக்கம் தலையைத் திருப்பினார். “சரி, இதச் சொல்லு. எப்புடி?”

மாரப்பன் காளையைப் பார்த்தார். பல் சுத்தம், சுழி சுத்தம், நடையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடது விலா ஏனோ கொஞ்சம் ஏறி இறங்கியது.

“உள்ள என்னமோ இருக்குதுங்க. என்னான்னு எனக்குத் தெரியலீங்க.”

முப்பது வருஷத் தரகில் ஒரு மாட்டைப் பார்த்து அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மணியக்காரர் காளையை வாங்கவில்லை. துண்டுக்குள் இருந்த கையை மட்டும் வெகுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.