ஆல்ட்டோ இறங்காத இடம்

கணபதிப் பக்கம் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுகிற சாமுவேலுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு உத்தியோகம். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். வருசத்துக்கு ஒரு பாட்டு, ஈஸ்டருக்கென்று, நாலு குரலுக்கும் தனித்தனியாக மெட்டுக் கட்டித் தருவார். அன்னூரில் பருத்திக்காட்டுக் கூலிக்குப் போன அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்தவர். மிஷன் விடுதியில் ஓர் ஓட்டை ஆர்கனை மிதித்து மிதித்தே கற்றுக்கொண்டார். இருபத்திரண்டு ஈஸ்டர், இருபத்திரண்டு பாட்டு.

போன ஐப்பசியில் அவர் மனைவி பாவாத்தாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடக்க ஆராதனைக்கு யார் வாசிப்பது என்று ஆயர் திகைத்து நிற்க, சாமுவேல் தானே போய் உட்கார்ந்தார். ஒரு சுரம் பிசகவில்லை. கண்ணில் பொட்டுத் தண்ணீரும் இல்லை. ஊர் வாயைக் கேட்க வேண்டுமா! "கல்லு மனசுங்க" என்றார்கள். மாரடித்துக் காட்டினால்தான் மனசு என்று எவன் சொன்னானோ! சாமுவேலுக்கு அதற்குக் கோபம்கூட வரவில்லை. பட்டறைக்குப் போனார், சோறு தின்றார், தூங்கினார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஈஸ்டருக்கு மூன்றே வாரம். பாட்டு வரவில்லை. தாளை எடுப்பார், வைப்பார். அது வலிக்கவும் இல்லை. வலிக்கவில்லையே என்பதுதான் பயமாக இருந்தது. பாவாத்தாளோடு மெட்டும் போய்விட்டதோ?

"முடியலீன்னா உடுங்க சாமுவேல், போன வருசத்துப் பாட்டையே பாடிக்கலாம்" என்றார் ஆயர்.

அந்த வாரம்தான் மதிவதனி சர்ச்சின் பாடகர் குழுவில் சேர்ந்தாள். காந்திபுரத்துத் துணிக்கடையில் வேலை செய்கிற பெண். பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோவில், பாவாத்தாள் நின்ற வரிசையில் நின்றாள். பழைய பாட்டுகளைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, உங்க பாட்டுல ஆல்ட்டோ ஒரு எடத்துக்குக் கீழ எறங்கறதே இல்லீங்களே? எனக்கு இன்னும் ரெண்டு சுரம் எறங்குமுங்க."

சாமுவேல் தாள்களை வாங்கிப் பார்த்தார். மெய்தான். முதல் பாட்டின் தாளில் ஒரு சுரம் மட்டும் அடித்து மேலே எழுதியிருந்தது. அந்த முதல் ஈஸ்டரின்போது, காரமடையிலிருந்து மில் வேலைக்கு வந்து, புதிதாகக் குழுவில் நின்ற பாவாத்தாள், அந்தக் கீழ்ச் சுரத்தில் வெறும் காற்றாக ஊதினாள். "காத்துத்தானுங்க வருது" என்று சிரித்துப்போட்டாள். அவர் அங்கேயே சுரத்தை ஏற்றினார். கல்யாணம்கூட அதற்கப்புறம்தான். நாளாக நாளாக அது கைப்பழக்கமாகி, காரணமே மறந்துபோயிருந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு, சும்மாதான்" என்றார்.

மூன்றே நாளில் பாட்டை எழுதி முடித்தார். லேத்தில் கம்பி கடைகிற மாதிரி, அளவு பார்த்து எழுதினார். இந்தப் பெண்ணுக்குத்தான் இறங்குமே, அப்புறமென்ன என்று, அந்தக் கீழ்ச் சுரத்தையும் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஒத்திகை. மதிவதனி அந்த இடத்துக்கு வந்தாள். சுரம் முழுசாக, கணீரென்று இறங்கியது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. சாமுவேலின் கை நின்றுவிட்டது.

"அது வேண்டாம் கண்ணு. மேல ஏத்திப் பாடு."

"எனக்கு நல்லா எட்டுதுங்கண்ணா."

"அவளுக்கு எட்டாது."

மதிவதனி பென்சிலை எடுத்து, தன் தாளில் அந்தச் சுரத்தை அடித்து மேலே எழுதினாள். முதலிலிருந்து பாடத் தொடங்கினார்கள். நாலு குரலும் வந்தன. ஆர்கன் மட்டும் வரவில்லை. சாமுவேல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.