குடத்தோடு பேசினவள்

தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு காற்று வரும். 'புஸ்'ஸென்று. அந்தச் சத்தத்துக்காகக் குடங்களை வரிசை போட்டுவிட்டு வேப்பமர நிழலில் காத்துக் கிடப்போம். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் விடியுமுன்னே வண்டி ஏறித் தீப்பெட்டி ஆபீஸ் போகிறவர்கள்; தொழிற்சாலையைத்தான் ஆபீஸ் என்போம். லீவு நாளில்கூட அவர்கள் சேலையில் அந்தத் தீக்குச்சி மருந்து வாடை இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில்... கோவில்பட்டியில்.

அங்கேதான் நான் கதை எழுதக் கற்றுக்கொண்டேன்.

படிப்பு எட்டாவதோடு சரி. பிறகு வீட்டுச் செலவுக் கணக்கு எழுதி எழுதித்தான் கை ஓடியது. அன்றைய வரவு செலவை நேர் பண்ணி, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஒரு பக்கமாவது எழுதாமல் எழுந்திருக்க மாட்டேன்.

என் முதல் கதையை ஒரு வாரப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. கூடவே ஒரு வரி: "உரையாடலில் உயிர் இல்லை."

சுருக்கென்றது. ஆனால் விட மனசில்லை. கதையைக் குழாயடிக்கே எடுத்துப்போனேன்.

எட்டாவது படிக்கிற மகளை நிறுத்தி, தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்ப முடிவு பண்ணுகிறான் அப்பன். அம்மாக்காரி சண்டை போடுகிறாள். இதுதான் கதை. அவள் பேசுவதை உருக்கமாகவே வாசித்தேன். "நீங்கள் என் மனதைப் புண்படுத்திவிட்டீர்கள். நம் மகளின் எதிர்காலம் என்னாவது?"

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, இவ என்ன மைக்குல பேசுதாளா?"

"ஏன்க்கா, சரியாத்தான பேசுதா?"

"கோவத்துல எவ புருசன் மூஞ்சியப் பாத்துப் பேசுவா?"

"பின்ன யாருகிட்டப் பேசுவா?"

அக்கா தன் குடத்தில் 'ணங்'கென்று ஒரு குட்டு வைத்தாள். "ஏ கொடமே, ஒனக்காவது காது இருக்கா? இங்கன ஒருத்தருக்கு ஆபீஸ் வண்டி ஹாரன் மட்டுந்தான் கேக்கும். பெத்த புள்ள அழுதா கேக்காது."

வரிசையில் நின்ற மும்தாஜ் குரலைக் கட்டையாக்கி, வேப்பமரத்தைப் பார்த்துப் புருஷனாகப் பதில் சொன்னாள். "படிச்சவளுவ எல்லாம் கலெக்டரு ஆயிட்டாளுவளான்னு கேளு!"

"கலெக்டரு ஆவாண்டாம். பஸ்ஸு போர்டு வாசிச்சாப் போதும்னு சொல்லு!" என்று அக்கா குடத்துக்கு இன்னொரு குட்டு வைத்தாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தின அன்று என் அம்மாவும் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பங்கூழ்ச் சட்டியிடம்தான் பேசினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டவள் நான். கேட்டதை விட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு பேச்சை வாங்கிவந்து கதையில் வருகிற அம்மா வாயில் வைத்திருக்கிறேன்...

சண்டை முழுவதையும் அடித்துவிட்டு எழுதினேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசி முடிக்கிற சண்டை. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாக்கில் இடறினதை எல்லாம் எடுத்தேன்.

அதே பத்திரிகைக்கு மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை, போடுகிறோம் என்றார்கள். ஆனால் பேச்சை மட்டும் எல்லா ஊருக்கும் பொதுவாக மாற்றித் தர வேண்டுமாம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "மாத்திக் குடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்? புஸ்தகத்துல ஒம் பேரு வருமில்லா?"

"பேரு எனக்கு வரும். பேச்சு எங்க அம்மாளுதுல்லா? அத மாத்த மாட்டேன்."

"பொறவு போட மாட்டாவ, பாத்துக்கோ."

"போடாட்டாப் போறாவ. நான் வேற எடத்துக்கு அனுப்புதேன்."

அனுப்பினேன். திரும்பி வந்தது. இன்னொன்றுக்கு அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் ஒரு சின்னப் பத்திரிகை, ஒரு எழுத்துகூட மாற்றாமல் போட்டது.

செல்லக்கனி அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் குழாயடியிலேயே வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுல என்னட்டி கதை இருக்கு? நாம பேசுதது அப்படியேல்லா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு கிடைத்த எந்தப் பாராட்டும் எனக்கு அந்த அளவு இனித்ததில்லை.

இப்போது மெட்ராஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் மகனுக்கும் மருமகளுக்கும் சண்டை. ஒரே சோபாவில் ஆளுக்கொரு மூலை... கையில் ஆளுக்கொரு போன். ஒருவருக்கொருவர் போனிலேயே எழுதிக்கொள்கிறார்கள்; விரல் மட்டும் ஓடுகிறது. மருமகள் கண் கலங்குகிறாள், மகன் பெருமூச்சு விடுகிறான். என்ன சண்டை, யார் என்ன சொன்னார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இந்தச் சண்டையை எப்படி எழுதுவது?

நாலு நாளாக உட்காருகிறேன். எழுதுகிறேன், வாய்விட்டு வாசிக்கிறேன், கிழிக்கிறேன்.

இன்றைக்கும் விளக்கேற்றிவிட்டு உட்காரத்தான் போகிறேன்.